மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

கிரீச்... கிரீச்... கிரீச்.

கேட்டீங்களா தம்பி? ஆளும் தெரியலை, வண்டியும் தெரியலை. இன்னும் வராந்தா முக்கே திரும்பலை. சத்தம் மட்டும் முன்னாடி வந்துடுது பாருங்க. முன்பக்கத்து இடது சக்கரம் அது. நான் தள்ளின காலத்துல வாரம் ஒரு தடவை தேங்காயெண்ணெய் விடுவேன். இப்பத் தள்ளுறவனுக்கு அந்த அக்கறை கிடையாது. சத்தத்தைக் கேட்டதுமே வார்டுல பாதிக் குழந்தைங்க போர்வைக்குள்ள போயிடுது.

உட்காருங்க. அந்த மூட்டை மேலேயே உட்காரலாம், துவைச்ச துணிதான். பெட் பதினாலுதானே? பையன் நனைச்சுட்டானா? இதுல வெட்கப்பட என்ன இருக்கு. நாளைக்குக் காலையில ஆபரேஷன்னா இன்னைக்கு விரிப்பு நனையத்தான் செய்யும். காய்ஞ்ச விரிப்பு மொட்டை மாடியில இருந்து இன்னும் இறங்கலை. பத்து நிமிஷம் ஆகும்.

பையனுக்கு வயசு என்ன, அஞ்சா? என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க? மாமா வீட்டுக்குப் போறோம்னா? சரி சரி. எல்லாரும் அப்படித்தான். ஒருத்தர் பொருட்காட்சிம்பார், ஒருத்தர் பரோட்டாக் கடைம்பார். வீட்டுல சாப்பிடலைன்னா 'டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்'னு வருஷம் முழுக்க மிரட்ட வேண்டியது, அப்புறம் அதே டாக்டர்கிட்ட மாமா வீடுன்னு சொல்லிக் கூட்டிட்டு வர வேண்டியது. நான் குறை சொல்லலை. குறை சொல்ல நான் யாரு.

ஓ, விரிப்புக்கு மட்டும் வரலையா நீங்க? என்னையும் தேடித்தான் வந்தீங்களா? பால்பாண்டி அண்ணன் வந்து ரெண்டு வார்த்தை பேசினா எந்தக் குழந்தையும் சிரிச்சுக்கிட்டே போகும்னு கேட்டுல வாட்ச்மேன் சொன்னாரா? சொல்லியிருப்பார். அது உண்மைதான். பதினோரு வருஷம் இந்தக் கண்ணாஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் வண்டி தள்ளினேன். குழந்தைங்க வார்டுல இருந்து ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும். வண்டி மாமான்னுதான் கூப்பிடுங்க. பதினோரு வருஷத்துல என் வண்டியில ஏறின ஒரு குழந்தை அழுததில்லை. ஒண்ணுகூட. மஞ்சள் கோடு வரைக்கும் ஒண்ணுகூட அழுததில்லை, யாரை வேணும்னாலும் கேளுங்க.

மஞ்சள் கோடு தெரியாதா? மாடியில தியேட்டர் கதவுக்கு முன்னாடி தரையில போட்டிருக்கும். வெளிச்செருப்பு, வெளிவண்டி எதுவும் அதைத் தாண்டக் கூடாது. நான் கோடு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவேன். அந்தப் பக்கத்து ஆள் வேற வண்டி கொண்டு வருவான். குழந்தையைத் தூக்கி மாத்திட்டு நான் திரும்பிடுவேன். அடுத்த கேஸ் காத்திருக்குமே. கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பார்க்கிறது என் வேலை இல்லை. பார்த்ததும் இல்லை.

என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போவேன்னு கேக்குறீங்க, இல்லையா? ரயில். அவ்வளவுதான். ஸ்டேஷன் இங்கேயிருந்து கிட்டக்க இருக்கு. காலையில எட்டரைக்கு ஒண்ணு, ஒன்பதே காலுக்கு ஒண்ணு. ஹாரன் நல்லாக் கேக்கும். "மாடி ஜன்னல்ல இருந்து பார்த்தா ரயில் முழுசாத் தெரியும், வா கண்ணு, மாமா காட்டுறேன்"னு சொல்லுவேன். சொல்லி வாய் மூடுறதுக்குள்ள ஹாரன் அடிக்கும். குழந்தை துள்ளிக்கிட்டு ஏறும். ஜன்னலைத் திறந்தா மாவு மில்லுச் சுவர்தான் தெரியும், அது வேற விஷயம். சத்தம் நிஜம். மிச்சத்தை நான் சேர்த்துக்கிட்டேன்.

பொய்தான். நல்லதுக்குச் சொல்ற பொய். எனக்கு அது வீட்டுலேயே பழக்கம். என் சம்சாரத்தை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது என் பையனுக்கு ஆறு வயசு. அம்மா வெள்ளிக்கிழமை வந்துடுவான்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தது. அடுத்த வெள்ளின்னு சொன்னேன். நாலு வெள்ளி அப்படியே ஓட்டினேன், பையன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அக்கம்பக்கத்துல எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்க. இப்பத் திருப்பூர்ல இருக்கான். பொங்கலுக்கு வர்றேம்பான், வர மாட்டான். பனியன் கம்பெனியில லீவு கிடைக்கிறது கஷ்டம்.

அது இருக்கட்டும். அந்தப் பிள்ளை கதையைச் சொல்றேன். அதனாலதான் என்னை இங்கே துணி மடிக்கப் போட்டாங்க.

அனுசியான்னு பேர். ஏழு வயசு. ரெண்டு கண்ணுலேயும் வெள்ளை விழுந்திருந்தது. அம்மாக்காரி மாரித்தங்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குற பொண்ணு. கரும்பலகை தெரியலைன்னு பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கா. முதல்ல வலது கண், மூணு வாரம் கழிச்சு இடது கண்ணுன்னு முடிவாச்சு. முதல் கண்ணுக்கு நான்தான் தள்ளிக்கிட்டுப் போனேன். சும்மா சொல்லக் கூடாது, வாயாடின்னா வாயாடி.

"எத்தனை பெட்டி மாமா?"

"பதினெட்டு."

"சரக்கு ரயிலா, ஆள் ரயிலா?"

"ஆளு ரயிலு. உனக்கு டாட்டா காட்டுவாங்க பாரு."

லிஃப்டுக்கு வெளியே ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீங்க, பெரிசா ஒரு கண்ணு வரைஞ்சு. அது பக்கத்துல வண்டி நின்னது. அந்தப் பிள்ளை முகத்தைச் சுவரோட ஒட்டி வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சது. "க...ண்... தா...ன...ம்... தானம்னா என்ன மாமா?"

"குடுக்கிறது."

"யாருக்கு?"

"கேக்கிறவங்களுக்கு."

இதுல நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன், நீங்களே சொல்லுங்க. லிஃப்ட் வந்தது, ஏறினோம், மஞ்சள் கோடு வந்தது. அந்தப் பக்கத்து ஆள் தூக்கி மாத்தினான். சிரிச்சுக்கிட்டே போச்சு. கதவு மூடுற வரைக்கும் நான் பார்த்தேன், சிரிச்சுக்கிட்டேதான் இருந்தது.

கண் முழிச்சபோது வலது கண்ணுல கட்டு. அதுக்கு என்ன தோணிச்சு தெரியுமா? ரயில் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போய் அதோட கண்ணை எடுத்து யாருக்கோ தானம் குடுத்துட்டோம்னு. மறுநாள் கட்டைப் பிரிச்சாங்க. இனிமே சரியாயிடும்னு பார்த்தா, அது இன்னும் மோசம். புதுசாப் பார்வை வந்த கண்ணுல எல்லாமே வேற மாதிரித் தெரியுமாம், வெளிச்சம் ஜாஸ்தியா, கலர் ஜாஸ்தியா. "இது என் கண்ணு இல்ல, வேற யாரோட கண்ணோ"ன்னு ஒரே பிடிவாதம். அந்தக் கண்ணை இறுக்கி மூடிக்கும். இடது கண்ணு மேல உள்ளங்கையை அப்பிக்கும். மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதானே, காப்பாத்த வேண்டாமா? சாப்பிடும்போதும் அந்தக் கையை எடுக்காது. தூங்கும்போதும் எடுக்காது. அப்படியே மூணு நாள் வச்சிருந்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ஏன் அப்படிச் சொல்லுதுன்னு அப்ப எங்க யாருக்கும் தெரியாது தம்பி. பிள்ளை ஏதோ அடம்னுதான் நினைச்சோம்.

மூணு வாரம் கழிச்சு அடுத்த கண்ணுக்கு வந்தாங்க. பொருட்காட்சிக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கா அம்மாக்காரி. வார்டு வாசல்ல என் வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளை பெஞ்சுக்கு அடியில பூந்துடுச்சு. நான் குனிஞ்சு, "கண்ணு, இன்னைக்கு ரெண்டு ரயிலு வருது"ன்னேன். கடிச்சது பாருங்க, இந்தா, கட்டை விரலுக்குக் கீழே, இன்னும் தழும்பு இருக்கு.

பெரிய டாக்டர் மேடம் வந்து பார்த்தாங்க. "பிடிச்சு அமுக்கிச் செஞ்சிரலாம் மேடம், நாலு பேர் போதும்"னு நான்தான் சொன்னேன். மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "ஆபரேஷன் முக்கால் மணி நேரம் பால்பாண்டி. அதுக்கப்புறம் ஆறு வாரம் சொட்டு மருந்து விடணும். இவளாக் கண்ணைத் திறக்கலைன்னா செஞ்சும் பிரயோஜனம் இல்லை"ன்னாங்க. அம்மாக்காரிகிட்ட, "வெள்ளை விழுந்த கண்ணை மூளை கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கிடும்மா. ஏற்கெனவே லேட்டாத்தான் வந்திருக்கீங்க. ரொம்பத் தள்ளிப்போட்டா அப்புறம் செஞ்சாலும் பார்வை திரும்பாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் வார்டுல வச்சுப் பார்ப்போம்"னாங்க. மாரித்தங்கம் சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு நின்னா. அன்னைக்குத் திங்கள்கிழமை.

வளர்மதி சிஸ்டர் வந்து சேர்ந்தது அந்தச் சமயத்துலதான். முப்பது வயசு இருக்கும். சின்னப் பொண்ணு. தியேட்டர்ல கிழிஞ்சு கழிச்ச பச்சைத் துணியில ஒரு பொம்மை தைச்சு வச்சிருக்கும், பட்டன் கண்ணு, தலைக்குத் தொப்பி எல்லாம் உண்டு. குழந்தைங்ககிட்ட அதைக் குடுத்து மூக்குல மாஸ்க் வைக்கச் சொல்லும், பிளாஸ்திரி ஒட்டச் சொல்லும். இது எரியும், இது கசக்கும், இது உறுத்தும்னு ஒண்ணு விடாம முன்னாடியே சொல்லிடும். எந்த ஊர் நியாயம் இது? எரியும்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளை வரும்? ஒரு நாள் கேட்டே விட்டேன், "என்ன சிஸ்டர், டாக்டர் வேலையைப் பொம்மைக்குக் குடுத்துட்டீங்களா?"ன்னு. "பொம்மை பொய் சொல்லாதுண்ணே"ன்னுச்சு. முகத்துல சிரிப்பு வேற.

செவ்வாய்க்கிழமை அந்தப் பொம்மையை அனுசியாகிட்டக் குடுத்துச்சு. "போன தடவை உனக்கு என்ன நடந்துச்சோ அதை இவளுக்குச் செஞ்சு காட்டு பாப்பா."

நான் அப்ப வார்டு வாசல்ல வண்டியோட நின்னேன். பிள்ளை ஒரு கையால இடது கண்ணை மூடிக்கிட்டு, வலது கண்ணை இடுக்கிப் பார்த்துக்கிட்டு, ஒரு கையால பொம்மையை ஒரு தட்டுல படுக்க வச்சது. வாயாலேயே கிரீச் கிரீச்னு சத்தம் போட்டுத் தள்ளிச்சு. "வா கண்ணு, மாமா ரயில் காட்டுறேன்"னுச்சு. என் குரலேதான் தம்பி, அச்சு அசல். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் பொம்மையைத் தூக்கி, பட்டன் கண்ணைப் பல்லால கடிச்சு நூலை அறுத்து எடுத்தது. பக்கத்துப் பெட்ல கைக்குழந்தை ஒண்ணு. அதோட உள்ளங்கையில பட்டனை வச்சு மூடிச்சு. "தானம்"னுச்சு.

மாரித்தங்கம்தான் முதல்ல அழுதா. சிஸ்டர் திரும்பி என்னைப் பார்த்துச்சு. என்னை ஏன் பார்க்கணும்? போஸ்டர் ஒட்டினது நானா?

போஸ்டர்ல இருக்கிறது செத்துப் போனவங்க குடுக்கிறதுன்னும், அதுவும் அவங்க முன்னாடியே சம்மதிச்சுத்தான்னும் சிஸ்டர் அதுக்குப் புரிய வச்சுச்சு. உள்ளே இருக்கிற மங்கின வில்லையை மட்டும் எடுத்துட்டுப் புது வில்லை வைக்கிறாங்க, கண்ணு உன் கண்ணேதான்னு படம் போட்டுக் காட்டிச்சு. பிள்ளை கேட்டுக்கிட்டது. கையை மட்டும் எடுக்கலை. கடைசியில ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சாம். "அப்ப வண்டி மாமா ஏன் ரயில்னு சொன்னாரு?"

அதுக்கு என்னை இழுத்தாங்க பாருங்க, அதுதான் கேவலம். வியாழக்கிழமை மத்தியானம் சிஸ்டர் வந்து, "அண்ணே, நீங்க வண்டியில படுங்க. அனுசியா தள்ளிக்கிட்டு வருவா. உள்ளே வரைக்கும் போய் எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடலாம். மேடம்கிட்டக் கேட்டுட்டேன்"னுச்சு. அம்பத்திரண்டு வயசுக்காரன் நான். வார்டு முழுக்க ஆளுங்க பார்க்க வண்டியில ஏறிப் படுத்தேன். யாருக்காக? அந்தப் பிள்ளைக்காகத்தான். அதை யாரும் எழுதி வைக்கலை.

மஞ்சள் கோடு கிட்ட என்னை வேற வண்டிக்கு மாத்தினாங்க, தலையில தொப்பி மாட்டினாங்க, உள்ளே தள்ளினாங்க. பதினோரு வருஷத்துல அன்னைக்குத்தான் முதல்முதல்ல அந்தப் பக்கம் போனேன். மல்லாக்கப் படுத்துக்கிட்டுப் போனா ஒண்ணுமே தெரியாது தம்பி. மேலே டியூப் லைட்டு ஒண்ணொண்ணாப் போகும். திடீர்னு குளிரும். மூஞ்சிக்கு மேல மூஞ்சியா வந்து எட்டிப் பார்க்கும், எல்லாத்துக்கும் வாயை மறைச்சிருக்கும், யாருன்னு தெரியாது. எனக்கு லேசா நெஞ்சு அடிச்சது. மத்தியானம் சரியாச் சாப்பிடலை.

அப்ப அடுத்த ரூம்ல இருந்து ஒரு அலறல். சின்னப் பையன் குரல். "ரயிலு... ரயிலு எங்க... ரயிலு காட்டலை..."ன்னு தொண்டை கிழிய.

"யாரு சிஸ்டர் அது?"ன்னேன்.

"கடைசியா நீங்க கொண்டு வந்து விட்ட பையன்தாண்ணே. இப்பத்தான் மயக்கம் தெளியுது."

எனக்கென்னவோ அது வேற பையனாத்தான் இருக்கும்னு தோணுது. நான் விட்ட பையன் சிரிச்சுக்கிட்டேதான் போனான். மயக்க மருந்து இறங்கும்போது எல்லாம் ஏதாவது உளறும். அந்த ரூம்ல தினமும் அப்படித்தான் இருக்குமான்னு நான் கேக்கலை. கேட்டிருக்கலாம். கேக்கலை.

அந்தப் பிள்ளை வண்டியைப் பிடிச்சுக்கிட்டு என் தலைமாட்டுல நின்னது. அதுவும் அலறலைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தது. குனிஞ்சு என் காதுகிட்ட வந்து கேட்டுச்சு, "வலிக்குமா மாமா?"

"வலிக்கவே வலிக்காது கண்ணு"ன்னேன்.

தானா வந்துடுச்சு தம்பி. யோசிக்கவே இல்லை, நாக்கு தானாச் சொல்லிடுச்சு. பிள்ளை ரெண்டடி பின்னாடி போச்சு. கையை இன்னும் அழுத்தி வச்சுக்கிட்டது, விரல் நகம் எல்லாம் வெளுத்துப் போற மாதிரி. சிஸ்டர் என்னைத் திட்டலை. அதுகிட்டப் போய்த் தரையில உட்கார்ந்துச்சு.

"வலிக்கும் பாப்பா. முதல்ல சொட்டு மருந்து விடும்போது எரியும். அப்புறம் தூங்கிடுவ, அப்ப ஒண்ணும் தெரியாது. எந்திரிச்சதும் மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும். அம்மா பக்கத்துல இருப்பாங்க."

"எவ்வளவு நேரம் எரியும்?"

"இருபது எண்ணுற வரைக்கும்."

அது யோசிச்சது. என்னைக் காட்டி, "இவருக்கு விடுங்க, நான் எண்ணிப் பாக்கிறேன்"னுச்சு.

நான் எந்திரிக்கப் போனேன். சத்தியமா எந்திரிக்கப் போனேன். மேடம் வாசல்ல நிக்கிறாங்க. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "பரிசோதனைக்கு எல்லாருக்கும் விடுற சொட்டுதான் பால்பாண்டி, ஒண்ணும் ஆகாது"ன்னாங்க. சிஸ்டர் இமையைப் பிடிச்சு ஒரு சொட்டு விட்டுச்சு. மிளகாய் அரைச்ச கையை வச்ச மாதிரி இருந்தது. பிள்ளை பக்கத்துல வந்து எண்ண ஆரம்பிச்சது. ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சுல நிறுத்திச்சு. "எரியுதா?"

இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எரியுது"ன்னேன்.

பிள்ளை எண்ணிக்கிட்டே போச்சு. பதினெட்டு, பத்தொம்பது, இருபது. "இப்ப?"

"எரியுது."

இருபத்தேழுலதான் நின்னது. "நின்னுடுச்சா? நிசமா?"ன்னு கேட்டுச்சு. நிசமாத்தான்னேன். சிஸ்டர் பக்கம் திரும்பி, "நீங்க சொன்னது தப்பு, இருபத்தேழு"ன்னுச்சு. "சரி, இருபத்தேழு. இனிமே எல்லார்கிட்டேயும் இருபத்தேழுன்னே சொல்றேன்"னு சிஸ்டர் சொல்லிச்சு. என் கண்ணுல இருந்து தண்ணி ஓடிக்கிட்டே இருந்தது, காதுக்குள்ள எல்லாம் போச்சு. மருந்து அப்படி. நின்னு ரொம்ப நேரமாகியும் ஓடிச்சு. அதைத் துடைக்கத்தான் அந்தப் பிள்ளை ரெண்டு கையையும் நீட்டிச்சு. ரெண்டு கையும். மாரித்தங்கம் அதைப் பார்த்துட்டு அப்படியே சுவர்ல சாய்ஞ்சுட்டா.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. நல்லபடியா முடிஞ்சது. என் கண்ணுல சொட்டு விட்டதுனாலதானே நடந்தது? அதைச் சொன்னா இங்கே யாரும் ஒத்துக்க மாட்டாங்க. வண்டி வேண்டாம், நடந்தே வர்றேன்னு சொல்லிடுச்சாம் பிள்ளை. சிஸ்டர் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போச்சு. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அந்தப் போஸ்டரை இன்னொரு தடவை படிச்சதாம். நான் காலி வண்டியைப் பின்னாடியே தள்ளிக்கிட்டுப் போனேன், வழியில கால் வலிச்சா ஏத்திக்கலாமேன்னு. ஏறலை.

திங்கள்கிழமை எனக்கு ஆர்டர் வந்தது. துணி ரூம். தண்டனை இல்லை, மாத்தம்தான்னு மேடம் சொன்னாங்க. வளர்மதி சிஸ்டர் சொல்லித்தான் நடந்திருக்கும். கேட்டா சிஸ்டர் இல்லைங்குது. "நீங்களாத்தானே அண்ணே கேட்டீங்க?"ங்குது. நான் எப்பக் கேட்டேன்? ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு மேடம்கிட்ட, "இனிமே வண்டியில ஏத்திட்டு என்ன பேசுறதுன்னே தெரியலை மேடம்"னு ஒரு வார்த்தை சொன்னேன். அது கேக்கிறதாகுமா?

போன மாசம் கண்ணாடிக்கு அளவு பார்க்க வந்திருந்தது அனுசியா. இந்த வாசல் வழியாத்தான் போச்சு. பெரிய கண்ணாடி, மூக்குல நிக்காம வழுக்குது. நின்னு என்னை நல்லாப் பார்த்தது, ரெண்டு கண்ணாலேயும். நான் கையைத் தூக்கினேன். அது தூக்கலை. அம்மாகிட்ட என்னவோ கேட்டுது, போயிடுச்சு. கூச்சமா இருக்கும். பொம்பளைப் பிள்ளை, வளருதில்லையா.

இருங்க, விரிப்பு வந்துடுச்சு. கொஞ்சம் ஈரம் இருக்கிற மாதிரி இருக்கு, ஃபேனுக்குக் கீழே போட்டாச் சரியாயிடும். ரப்பர் ஷீட்டும் ஒண்ணு எடுத்துக்கோங்க.

நானா? நான் வந்து பேசவா? வேண்டாம் தம்பி. வார்டுப் பக்கம் போறது என் டூட்டி இல்லை இப்ப. டூட்டி இல்லாட்டியும் வரலாம்தான், அதைச் சொல்லலை. உங்க பையன் என் முகத்தைப் பார்த்து ஒண்ணு கேப்பான். நான் ஒண்ணு சொல்லுவேன். எது வாயில வரும்னு எனக்கே தெரியாது. நீங்களே சொல்லுங்க. மாமா வீடு இல்லைன்னு முதல்ல சொல்லுங்க. இன்னைக்கே, விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி. அழுவான். அழட்டும், நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல. எதெது எரியும்னு சிஸ்டர்கிட்டக் கேட்டுக்கிட்டு அப்புறம் சொல்லுங்க. நீங்களா ஒண்ணும் சேர்த்துக்காதீங்க.

போங்க, பையன் தேடுவான். கதவை அப்படியே சாத்திட்டுப் போங்க, தூசி வருது. நாளைக்குத் தியேட்டருக்கு நாற்பது பச்சைத் துணி போகணும், பாதிதான் ஆகியிருக்கு. நீளத்துல ஒரு மடிப்பு. குறுக்குல ரெண்டு. கிழிஞ்சது தனியா.